ஆறு மர பாக்ஸ் காருக்கு கை கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன அக்டோபர்ல ஆரம்பிச்ச வேலை, இந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு முடிஞ்சுது. ஆறு பாக்ஸ் கார், அதாவது கூரை போட்ட சரக்கு ரயில் பெட்டியோட மாடல், ஆறும் எச்ஓ ஸ்கேல், நிஜத்துல ஒரு அடின்னா இங்க மூணரை மில்லிமீட்டர், 87ல ஒரு பங்கு. கடைசி காரை தண்டவாளத்துல வெச்சு கையால மெதுவா தள்ளிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன், அப்பதான் தோணுச்சு, இதுல என் கை பட்டது பாதிதான், மீதி வேற சில பேரோட கண்ணும் அனுபவமும்னு. அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் மெசேஜ் அனுப்பி முடிச்சுக்க மனசு வரல, அதனால எல்லாரும் பார்க்கிற மாதிரியே எழுதறேன்.

இந்த வண்டிகளைப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். முதல் உலகப் போர் நேரம், 1917 டிசம்பர் கடைசியில அமெரிக்க அரசாங்கம் ரயில் கம்பெனிகளை எல்லாம் தன் கையில எடுத்துக்கிச்சு, 1920 மார்ச் 1ஆம் தேதிதான் திருப்பிக் கொடுத்துச்சு. அந்த நிர்வாகத்துக்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் ரெயில்ரோடு அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமா யுஎஸ்ஆர்ஏன்னு பேரு. ஆளாளுக்கு ஒரு டிசைன்ல சரக்கு வண்டி கட்டிட்டு இருந்ததை நிறுத்தி, எல்லாருக்கும் பொதுவா சில டிசைன் போட்டாங்க. அதுல ஒண்ணு 40 அடி, 50 டன் சிங்கிள் ஷீத்டு பாக்ஸ் கார், மொத்தம் 25,000 வண்டி. டபுள் ஷீத்டுன்னா உள்ள ஒரு பலகைச் சுவர், வெளிய ஒரு பலகைச் சுவர், நடுவுல சட்டம் மறைஞ்சு இருக்கும். சிங்கிள்ல வெளிச் சுவரே கிடையாது, ஸ்டீல் சட்டம் வெளிய எலும்பு மாதிரி தெரியும், அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு வரிசை பலகை படுக்கைவாட்டுல ஓடும். பென்சில்வேனியா ரெயில்ரோடு தன் பங்குக்கு வந்த வண்டிகளுக்கு எக்ஸ்26னு பேர் வெச்சுது. நான் கட்டினது அதுதான், 1936ல பதினேழு பதினெட்டு வருஷம் ஓடித் தேய்ஞ்ச நிலைமையில.

முதல் நன்றி எங்க மாடல் ரயில் கிளப்புல இருக்கிற பெரியவருக்கு. எண்பது வயசைத் தாண்டினவர், அவரோட அப்பா சரக்கு வண்டி ரிப்பேர் யார்டுல பலகை மாத்தற வேலை பார்த்தவர். பெரியவருக்கு தமிழ் தெரியாது, இதை அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பக்கத்துல உட்கார்ந்து வரிவரியா நானே சொல்லப் போறேன்.

நான் கட்டின முதல் காரை நவம்பர்ல அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். மரம்னு தெரியணும்னு ரேசர் சாங்கிற மெல்லிசான ரம்பத்தை வெச்சு பலகை முழுக்க இழுத்து இழுத்து மர ரேகை போட்டிருந்தேன். அவர் குறையே சொல்லல. ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்தார். நிஜத்துல இந்தப் பலகை அஞ்சே கால் இன்ச் அகலம்னு வெச்சுப்போம், 87ஆல வகு, எவ்வளவு வருதுன்னு கேட்டார். ஒண்ணரை மில்லிமீட்டர். இப்ப நீ போட்ட கோடு கால் மில்லிமீட்டர் ஆழம்னு வெச்சுக்க, 87ஆல பெருக்குன்னார். பெருக்கினேன், கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு இன்ச் பள்ளம் உள்ள பலகையை எந்த யார்டுக்காரனும் வண்டியில விட்டு வெச்சிருக்க மாட்டான், எங்க அப்பா விட மாட்டார்னு சொன்னார். மர ரேகை இந்த அளவுல கண்ணுக்கே தெரியாது, தெரியறது பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கிற கோடும், பலகைக்குப் பலகை மாறற நிறமும்தான், மரம்னு காட்டறதை நிறத்துல காட்டு, பள்ளத்துல காட்டாதேன்னு அவர் சொன்னப்ப, அதுவரைக்கும் நான் பண்ணிட்டு இருந்த வேலையே அப்படியே திரும்பிடுச்சு.

அப்புறம் அவர் ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். அவர் அப்பா ஒரு பாக்ஸ் கார் பக்கத்துல நிக்கிற படம், கருப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு. நான் அவர் அப்பாவைப் பார்த்துட்டு இருந்தேன். அவர் நகத்தால தொட்டுக் காட்டினது பின்னாடி இருக்கிற வண்டிச் சுவரை, கீழேருந்து மூணாவது பலகை. சுத்தி இருக்கிற பலகை எல்லாம் வெளிறிப்போய் இருக்கு, அந்த ஒண்ணு மட்டும் பளிச்னு அடர்த்தியா இருக்கு, புதுசா மாத்தின பலகை, புதுசா அடிச்ச பெயின்ட். ஒரு சின்ன பூதக்கண்ணாடி வெச்சு அந்த மூணாவது பலகையையே அரை மணி நேரம் பார்த்திருப்பேன். ஒரு வண்டி முழுக்க ஒரே வயசுதான் இருக்கும்னு நினைச்சிருந்தேன், ஆனா அதுல இருக்கிற ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி வயசு. அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணிக்க விட்டதுக்கு, ஐயா, நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

அடுத்து பொன்மலை மாமா.

மாமா, நீங்க திருச்சியில உட்கார்ந்துட்டு நியூ ஜெர்சியில இருக்கிற என் பேஸ்மென்ட்ல பெயின்ட் அடிச்சீங்க, அதுதான் நிஜம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பெயின்ட் ஷாப்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர்கிட்ட இவ்வளவு நாளா ஒரு வார்த்தை கேக்காம விட்டோமேன்னு எனக்கு இப்பவும் வருத்தம்தான். டிசம்பர்ல அத்தை போன்ல வீடியோ கால் போட்டு, இந்த வண்டிகளோட சிவப்பு எப்படி வெளிறும்னு கேட்டேன். நீங்க முதல்ல சொன்னது, அது வெளிறலடா, மாவாகுதுன்னு. ரெட் ஆக்சைடு இரும்புத் துருவோட நிறம், அதை வெயில் ஒண்ணும் பண்ணாது, அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஆளி விதை எண்ணெயைத்தான் வெயில் தின்னுடும், எண்ணெய் போனா நிறம் பொடியா மேல நிக்கும், கையை வெச்சா கையில ஒட்டும், நம்ம வீட்டு பழைய ஜன்னல் கம்பியைத் தடவினா வருமே அதேதான்னு. சின்ன வயசுல அந்தக் கம்பியைப் பிடிச்சு ஏறி சட்டையெல்லாம் சிவப்பாகி அம்மாகிட்ட அடி வாங்கினது ஞாபகம் வந்துடுச்சு எனக்கு. அதுக்கப்புறம் வெளிறின பலகைக்கு வெள்ளை கலக்கறதை விட்டுட்டேன், அதே சிவப்பை பாஸ்டல் சாக் பொடியா எடுத்து மேல ஒத்தி எடுத்தேன், சரியா அந்த மாவு வந்துடுச்சு.

ரெண்டாவது விஷயம், தண்ணி. அழுக்கு எங்க போடணும்னு நான் கேட்டேன், நீங்க தண்ணி எங்க நிக்கும்னு திருப்பிக் கேட்டீங்க. மேல பெய்யற மழை பலகை வழியா இறங்கி ஸ்டீல் சட்டத்தோட விளிம்புல நிக்கும், அங்க பெயின்ட் முதல்ல விடும். பலகையை சட்டத்தோட பிடிச்சிருக்கிற ஒவ்வொரு போல்ட் தலைக்கும் கீழ துரு ஒரு கோடா இறங்கும். சக்கரம் வாரி அடிக்கிற சேறும் ஈரமும் கீழ் ரெண்டு மூணு பலகையை ஊற வைக்கும், அதுதான் முதல்ல உளுத்துப் போகும், அதைத்தான் முதல்ல மாத்துவாங்க. நீங்க இதைச் சொன்னப்ப எனக்கு மேல் சிலிர்த்துடுச்சு மாமா, பெரியவர் படத்துல இருந்தது கீழேருந்து மூணாவது பலகை, நீங்க அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல.

ஜனவரியில பெரியவர், மாமா ரெண்டு பேரையும் ஒரே வீடியோ கால்ல சேர்த்து விட்டேன், நடுவுல நான் மொழிபெயர்ப்பு. மாமா கேட்ட முதல் கேள்வி, உங்க அப்பா வீட்டுக்கு வர்றப்ப சட்டையில என்ன வாசனை வரும்னு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் லின்சீட் ஆயில்னார். அதை நான் தமிழ்ல சொல்றதுக்குள்ள மாமாவுக்குப் புரிஞ்சு போச்சு, இங்கயும் அதேதான்னு சொல்லி சிரிச்சார், பின்னாடி அத்தை, முப்பது வருஷம் தோய்ச்சது நான்னு குரல் கொடுத்தாங்க. அந்த வீடியோ கால் நாப்பது நிமிஷம் போச்சு, அதுல பாதி நேரம் நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாம இருந்துது.

ஃபிலடெல்ஃபியாவுல இருக்கிற தம்பிக்கு, நீ இல்லேன்னா நாலாவது கார் குப்பைக்குப் போயிருக்கும்பா. மேட் கிளியர் கோட், அதாவது பளபளப்பு இல்லாத நிறமில்லாத பூச்சு, அடிச்சு காய்ஞ்சதுக்கு மேல, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல கலந்த இந்தியன் இங்க் வாஷை, அதாவது தண்ணி மாதிரி நீர்த்த கருப்பு மையை, ஓட விட்டேன், அஞ்சு நிமிஷத்துல கார் முழுக்க சாம்பல் பூசின மாதிரி வெள்ளை பூத்துடுச்சு. மூணு வாரம் ஒவ்வொரு பலகையா ட்ரிபிள் ஜீரோங்கிற ரொம்ப மெல்லிசான பிரஷ்ல நிறம் வெச்ச கார். ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு உன்னை எழுப்பினேன். நீ தூக்கக் கலக்கத்துல, அண்ணா கையை வைக்காதீங்க, துடைக்காதீங்க, நல்லா காயட்டும், காலையில அதே கிளியர் கோட்டை இன்னொரு தடவை லேசா அடிங்க, மறைஞ்சிடும்னு சொன்ன. காலையில பேஸ்மென்ட்ல நின்னு அடிச்சேன், கண்ணு முன்னாடியே வெள்ளை கரைஞ்சு அடியில இருந்து சிவப்பு ஏறி வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வாஷை கிளியர் கோட்டுக்கு முன்னாடியே முடிச்சுடறேன், இல்ல பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை மினரல் ஸ்பிரிட்ல கரைச்சு பலகைக்கு நடுவுல இருக்கிற கோடுகள்ல ஓட விட்டு, நீ சொல்லிக் கொடுத்தபடியே மேலேருந்து கீழ ஒரே இழுப்பு இழுக்கறேன், மழை இறங்கற திசையில.

வண்டிச் சுவர்ல வர்ற எழுத்து விஷயத்துல உதவினவங்க மூணு நாலு பேர், கிளப்புல எல்லாருக்கும் அவங்களைத் தெரியும். வட்டத்துக்குள்ள கீஸ்டோன், அதாவது வளைவோட உச்சியில வைக்கிற கல்லோட வடிவம், போட்ட பென்சில்வேனியா ரெயில்ரோடு சின்னம் 1930 வாக்குலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்ச வண்டியில வெறும் பேர் மட்டும்தான், 1936ல ரெண்டும் கலந்துதான் ஓடியிருக்கும்னு சொல்லி என் ஆறுல ரெண்டை பழைய எழுத்துக்கு மாத்த வெச்சீங்க. மர வண்டி ஈரத்தைக் குடிக்கும், காயும், பலகை மாத்துவாங்க, அதனால காலி எடை மாறிட்டே இருக்கும், அதனால அடிக்கடி எடை போட்டு எழுதுவாங்கன்னு சொன்னதும் உங்கள்ல ஒருத்தர்தான். பழைய எண்ணை மறைக்க அடிச்ச புது பெயின்ட் அழுக்குச் சுவர்ல ஒரு சின்ன சுத்தமான சதுரமா நிக்கும். இந்த சதுரத்தைத்தான் பார்க்கிறவங்க எல்லாம் முதல்ல தொட்டுக் காட்டறாங்க. யார்டுக்காரங்க வண்டியில போடற சாக்பீஸ் குறியை தரையில நிக்கிற ஆளோட கை எட்டற உயரத்துக்கு மேல போடாதேன்னு சொன்னதுக்கும் நன்றி, நான் மேல எழுதப் போனேன்.

எங்க ஊர் ஹாபி ஷாப் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. கடையில தீர்ந்து போன சக்கரத்தை தன் சொந்த டப்பாவுல இருந்து எடுத்துக் கொடுத்து, அப்புறமா கொடுன்னு அனுப்பி வெச்சாங்க. கார் எடையை அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவோட கணக்குப்படி, அடிப்படைக்கு ஒரு அவுன்ஸ், நீளத்துல இன்ச்சுக்கு அரை அவுன்ஸ்னு போட்டு, ஒண்ணு ஏறக்குறைய 110 கிராம் வர்ற மாதிரி தராசுல வெச்சுப் பார்த்துக் கொடுத்ததும் அவங்கதான். ஒண்ணு கூட தடம் புரளல.

வீட்டுல. ஆறு மாசமா சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் பேஸ்மென்ட்டுக்குப் போயிடுச்சு, ஒரு நாள் கூட முகம் சுளிக்கல நீ. பெயின்ட் வாசனை மேல வருதுன்னு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிட்டு வந்து நீயே மாட்டின. நாலாவது காரோட கதவுப் பக்கத்துல இருக்கிற டாக் போர்டுல, அதாவது நோட்டீஸ் ஒட்டற பலகையில, ஒட்டின காகிதத் துண்டு, அரிசி மணியில பாதி கூட இருக்காது, அதை சாமணத்தால பிடிச்சு ஒட்டினது நீதான், எனக்கு கை நடுங்குச்சு. ஒரு மூலையை மட்டும் கிழிஞ்ச மாதிரி தூக்கி விட்டது உன் யோசனை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு கிளப்புல ஆறையும் ஒரே ரயிலா கோர்த்து ஓட்டறோம். மாமா, உங்களுக்கு அது புதன்கிழமை விடிகாலை, அலாரம் வெச்சு எழுந்திருக்கேன்னு அத்தைகிட்ட சொன்னீங்களாம், போனை தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே வெக்கறேன். மூணாவதா வர்ற காரைப் பாருங்க. கீழேருந்து மூணாவது பலகை, அது மட்டும் புதுசு.