சிரிப்பு மாதிரித் தெரியும்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ மொழிபெயர்க்கிற கதையில் ‘சார்டோனிக்’ என்ற ஆங்கிலச் சொல் வருகிற இடத்துக்குக் ‘கேலி’ என்று போட்டால் சரியோ என்று கேட்டிருந்தாய். சரிவராது. கேலியில் விளையாட்டு இருக்கும், இதில் இல்லை.

கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசியில் 20ஆம் காண்டத்தை எடுத்துப் பார். பிச்சைக்காரன் வேடத்தில் ஒடிசியஸ் தன் சொந்த வீட்டிலேயே குந்தியிருக்கிறான். அவன் மனைவியைக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தன் மாட்டுக் காலொன்றைத் தூக்கி அவன்மேல் எறிகிறான். தலையைச் சற்றுச் சரித்துத் தப்பியவன் உள்ளுக்குள் ஒரு சிரிப்புச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கு ஹோமர் வைத்த சொல் ‘சர்தானியன்’. அதைச் சார்டீனியாத் தீவோடு முடிச்சுப் போட்டது பிறகு வந்தவர்கள். அங்கே ஒரு பூண்டு உண்டாம், தின்றவன் முகம் இழுபட்டுச் சிரித்தபடியே சாவானாம். அது செலரிக் குடும்பத்து ‘ஓனாந்தே’ வகைப் பூண்டு என்று 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் கார்த்திகைச் செடி மாதிரி அதற்கும் கிழங்கில்தான் நஞ்சு கூட. ஏற்புவலி (டெட்டனஸ்) கண்டவருக்கும் வாய் இரண்டு பக்கமும் இழுத்து, பல்லுத் தெரிந்து, புருவம் மேலே ஏறி நிற்கும். வைத்தியர்கள் அதை ‘ரிசுஸ் சார்டோனிக்கஸ்’ என்பார்கள். பார்க்கச் சிரிப்பு, உள்ளே வலி.

‘சார்க்காசம்’ என்கிற கடிக்கிற பேச்சுக்கு வேறு வேர். கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் தசை, ‘சார்க்காசெயின்’ என்றால் நாய் மாதிரித் தசையைப் பிய்ப்பது. அதற்குக் கடிபட எதிரில் ஓர் ஆள் வேண்டும். சார்டோனிக்குக்கு ஆளே தேவையில்லை, நடக்கிறதைப் பார்த்துக் கசந்தால் போதும்.

கடிக்கிற பேச்சுக்கு எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கிண்டுவது கிண்டல், குத்துவது குத்தல். நக்கலை நாக்கோடு சேர்க்காதே, ‘நகு’வோடு சேர்த்துப் பார். பழைய பாட்டில் ‘நக்கான்’ என்றால் சிரித்தான். ‘நளினம்’தான் ஆபத்தான சொல். “நளினம் பண்ணாதை” என்றால் வன்னியில் ‘பரிகாசம் பண்ணாதே’ என்று சண்டைக்கு அடி போடுகிறது, தமிழ்நாட்டு வாசகரோ மென்மை என்று எடுத்துவிடுவார்.

பழி சொல்வதைத் தொல்காப்பியம் அங்கதம் என்கிறது. நேரே சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. புறநானூறு 95இல், அதியமானுக்காகத் தூது போன ஔவையார் மன்னன் தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்துச் சொல்வது இரண்டாவது வகை. இவை பீலி அணிந்து, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உன் ஆயுதம் போரே காணவில்லை என்பதுதான் உள்ளே இருக்கிற குத்து, ஆனால் வசைச்சொல் ஒன்றுமில்லை. மூன்று போகம் வயலைத் தரிசாக விட்டவனிடம், “அண்ணை, இந்த முறை சூடடிக்க எத்தனை மெசின் பிடிக்கிறியள்?” என்று கேட்பதும் இதே வகைதான். அதன் பின்னால் ‘என்று கிண்டலாகக் கேட்டான்’ என்று நீ எழுதினால் போச்சு, கரந்ததை அவிழ்த்துக் கொட்டினதாகிவிடும்.

சார்டோனிக்குக்கு எனக்குத் தெரிந்து கிட்ட வருவது குறள் 1040. இல்லையென்று சோம்பி இருப்பவரைக் கண்டால் நிலமென்னும் நல்லாள் நகும். வாய் திறக்காத சிரிப்பு அது. உன் கதையில் அந்தக் கிழவி சிரிக்கிற இடத்துக்குக் ‘கசந்து சிரித்தாள்’ போதும். ஏளனம் போடாதே, அது மேலே நின்று கீழே பார்க்கிற ஆளின் சொல். வெறும் உதடு மட்டும் அசைகிறதென்றால், ‘உதடு ஒரு பக்கம் இழுபட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போ.

திருத்தின பக்கங்களை அனுப்பு. ‘நளினம்’ வருகிற இடமெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை.

அப்பா