ரத்தம் எடுத்தால் ரிசல்ட்டும் தாருங்கள்

எங்கள் வட்டாரத்து அரசு ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். என் மகளுக்கு ஆறாம் மாசம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற கிரேவ்ஸ் நோய்க்கு, அதை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவள். வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில் வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. தைராய்டு ரத்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னீர்கள் என்று, காப்பிகூடக் குடிக்காமல் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தாள். பதினோரு மணிக்கு, "டெஸ்ட் கிட் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டிச் சரிந்தவளைப் பூக்கார ஆச்சிதான் தாங்கிப் பிடித்து, தன் தூக்குவாளியிலிருந்து நீத்தண்ணி கொடுத்தார். தைராய்டு ரத்தத்துக்கு வெறும் வயிறே தேவையில்லையாம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பிறகு சொன்னார்.

தாயின் மாத்திரை தொப்புள்கொடி வழியே போய்ப் பிள்ளையின் தைராய்டை அமுக்கினாலும் கழுத்து வீங்கும். இந்த நோயில் தாயின் ரத்தத்தில் உண்டாகித் தைராய்டைத் தூண்டும் ஆன்டிபாடி போய் அதை விரட்டி வேலை வாங்கினாலும் வீங்கும். முதலாவது என்றால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் பனிக்குட நீரிலேயே தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் ஊசி போடுவார்களாம். இரண்டாவது என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டிவரும். வைத்தியம் நேர் எதிர். எது என்று முடிவுசெய்யப் பிள்ளையின் இதயத் துடிப்பு மட்டும் போதாது, தாயின் ரத்த ரிசல்ட்டும் வேண்டும். வீக்கம் பெரிதானால் பிறந்ததும் மூச்சுக்குழாயை அழுத்தும். உங்களுக்குத் தெரியாததா?

கேட்பது ஒன்றுதான்: இரண்டு நாளில் ரிசல்ட்.

தனியாரில் பார்க்கலாமே என்கிறார் கவுண்டரில் இருப்பவர். பார்த்தோம், ரெண்டு தடவை. எங்கள் வீட்டில் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது. உங்கள் வாசல் சுவரிலோ அயோடின் உப்புப் பாக்கெட்டும் சிரிக்கிற குழந்தையுமாகப் புதுப்படம், நல்ல பெயிண்ட். படத்துக்கு வந்த பணம் கிட்டுக்கு வரவில்லை போலும். "சவத்து மூதி, சிரிப்பாணிக்கு மட்டும் கொறச்சலில்ல" என்றாள் என் வீட்டுக்காரி.

சரி, ஆத்திரத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் ரிசல்ட் வேண்டும். கிட் இல்லாவிட்டால் ரத்தத்தை எடுத்து நீங்களே பாளையங்கோட்டைக்கு அனுப்பிவையுங்கள். வருகிற வியாழனும் அதே முதல் பஸ்ஸில் வருகிறோம், இந்தத் தடவை இட்லி சாப்பிட்டுவிட்டு. கிட் இருக்கிறதா என்று புதன்கிழமையே போனில் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் தகப்பன்