உன் பங்கு மரம் ரெடி ஆயிட்டு

மக்கா,

அம்மாவுக்கு முட்டு வலி கொறஞ்சிருக்குன்னு எழுதியிருந்த, மனசுக்கு நிம்மதியா இருந்துது. மரத்தப் பத்தி கேட்டிருந்தல்லா, அது இப்போ ரெண்டு மரம், அதைச் சொல்லத்தான் எழுதுதேன்.

நாம காசு போட்டு வாங்குன இச்சி, அதான் அந்த ஆல் சாதி மரம், மூணரை அடிக்கு கம்பு மாதிரி நெட்டையா நின்னுதே, அடி மூட்டுல இருக்க தடிமன்தான் நடுவுலயும், உச்சில மட்டும் கொத்தா இலை. போன்சாய்னா மூடு பெருத்து மேல போகப்போக ஒல்லியாகணும், அப்பதான் சட்டியில இருக்க மரம் வயசான மரமாத் தெரியும். வெட்டணும்னு தெரியும், ஆனா இத்தன வருசம் தண்ணி ஊத்துன உச்சிய குப்பைல போட மனசு வரல.

அதான் ஜூன் மழ தொடங்குனதும் விண்பதியம் போட்டேன், அதாவது மரத்துல இருக்கும்போதே தண்டுல வேர் விட வச்சு, அப்புறம் வெட்டி தனி மரமா எடுக்கது. மண்ணுலருந்து ஒரு சாண் மேல, தண்டு தடிமன விட கொஞ்சம் கூடுதல் அகலத்துக்கு பட்டைய சுத்திவர உரிச்சேன், பால் கொட்டுன கொட்டு இருக்கே, நனைஞ்ச துணியால தொடச்சு தொடச்சு கை ஒட்டிப்போச்சு. அடியில வழுவழுன்னு ஒரு படலம் இருக்கும் பாத்துக்கோ, அத கத்தியால சுத்தமா சுரண்டணும், துளி விட்டாலும் பட்டை திரும்ப மூடிரும், வேர் வராது. தண்ணி கட்டைக்குள்ள கூடி ஏறிட்டேதான் இருக்கும், இலை செஞ்ச சாப்பாடு பட்டை வழியா எறங்கும்போது அந்த வளையத்துல வந்து தேங்குது, அங்கதான் வேர் பொட்டுது. ஈரத்தப் பிடிச்சு வைக்க ஸ்பாக்னம் பாசிய நனைச்சுப் பிழிஞ்சு வச்சு பாலித்தீன் சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுனேன், மேல கருப்பு கவர். அஞ்சாவது வாரம் வெள்ளையா வேர் தெரிஞ்சுது, ஆனா அது பழுப்பாகி கிளை விடட்டும்னு இன்னும் மூணு வாரம் விட்டு அப்புறந்தான் ரம்பத்த எடுத்தேன்.

கீழ நின்ன மொட்டைக் கட்டைய நெனச்சுத்தான் தூக்கம் வரல. ஒரு இலை கிடையாது. ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா அஞ்சு இடத்துல முளை! இச்சிங்கதால பொழச்சுது, பைன்ல இப்படி மொட்டையா வெட்டிருந்தா செத்துருக்கும். வெட்டுக்குப் பக்கத்துல வந்த முளைதான் இனி உச்சி, அதுக்கு அலுமினியக் கம்பி சுத்தி வளைச்சிருக்கேன், மழைக்காலத்துல வேகமா தடிக்கும்ல, கம்பி பட்டைல பதிஞ்சுராம வாரா வாரம் பாக்கேன். கம்பி வளைக்கத்தான் உதவும், தடிமன் வரணும்னா வருசக்கணக்குல இஷ்டத்துக்கு வளரவிட்டு வெட்டணும், வேற வழியில்ல.

மேல் பாதி உனக்கு. வேர் சுத்திவர எல்லாப் பக்கமும் வந்துருக்கு, நர்சரி செடில இப்படிக் கெடைக்கது கஷ்டம். பாசிய உதறாத, வேர் அறுந்துரும், இந்த வருசம் கம்பியும் வேண்டாம். பெங்களூர்ல குளிர் பிடிக்கதுக்கு முன்னால வந்து எடுத்துட்டுப் போ. ரெண்டரை அடி இருக்கு, ரயில்ல சீட்டுக்கு அடியில வைக்க முடியாது, ஜன்னல் சீட்டா பாத்து போடு.