ஓவர்டைம் சம்பளம் கண்ணை மறைக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைப் பற்றிய அக்கறையே இல்லை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் குறைபட்டுக்கொண்டிருந்தார். பாடாங் செராயில் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போடும் கணக்குதான் தப்பு.

சம்பளச் சீட்டை நகலெடுக்க என்னிடம் வரும் பையன்களுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். மோட்டார் சைக்கிள் கடனுக்கு, சிலருக்கு மைவி காருக்கு. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை அது. அதற்கு மேல் ஒரு காசுகூட இல்லை. ஓவர்டைம் மணிக்கு 12 வெள்ளி சொச்சம். மாதம் 80 மணி நேரம் செய்தால் மொத்தம் 2,600 வெள்ளியைத் தாண்டிவிடும். பையன் அதைத்தான் தன் சம்பளம் என்று நினைக்கிறான், தவணையும் அதை நம்பித்தான் போடுகிறான். ஆர்டர் குறைந்தால் தொழிற்சாலை முதலில் கை வைப்பது ஓவர்டைமில்தான். அப்புறம், ஓவர்டைம் பணத்துக்கு ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். பிடிப்பதும் இல்லை. நாளைய சேமிப்பு அந்த 1,700-க்கு மட்டும்தான்.

பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் அவர்கள் கண்ணால் காணாத பணம் இது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் பக்கத்தில்தான், தொழிற்சாலை பஸ்ஸும் தாமான் முனைக்கே வந்துவிடுகிறது. ஆனால் இயந்திரத்தில் சரக்கை ஏற்றி இறக்கும் ஆப்பரேட்டர் வேலையை இப்போது இயந்திரமே செய்யப் பழகிக்கொண்டு வருகிறது. அந்த இயந்திரம் நின்றுபோனால் ஓட வைக்க டெக்னிஷியன் வேண்டும். அவனிடம் சான்றிதழ் கேட்பார்கள்.

அதைப் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்றாம் நிலையை முடித்தவன் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா என்று ஏறலாம். மலாய்மொழியோ வரலாறோ தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழை இழந்தவனுக்குக்கூட எஸ்.கே.எம். படிக்க வழி உண்டு. தனியார் பயிற்சி மையம் என்றால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. தரும் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இவ்வளவு இருந்தும், திவெட், அதாவது தொழிற்கல்வி, என்று வாயெடுத்தாலே "படிப்பு ஏறாதவனுக்குத்தானே அது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் மகன் மாதக்கணக்கில் வீட்டில் சும்மா இருப்பான், அது வேறு விஷயம்.

நம் ஆலயங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன்முனைப்புக் கருத்தரங்கு நடத்தியது போதும். பேச்சாளர் கைதட்டச் சொல்கிறார், பிள்ளைகளும் தட்டுகிறார்கள், மீகூன் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குப் பதில், நம் தோட்டத்திலிருந்தே போய் டெக்னிஷியனாக, வெல்டராக, தாதியாக இருப்பவர்களை உட்கார வைத்து, என்ன படித்தார்கள், முதல் சம்பளம் என்ன, இன்று என்ன என்று பேசச் சொல்லுங்கள். அதையும் மூன்றாம் படிவத்தில் செய்யுங்கள். நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கேட்டால்தான் பிரயோஜனம். பெற்றோரும் கூடவே உட்காரட்டும்.

விண்ணப்பம் செய்யத் தெரியாதவர்களுக்கு என் கடையில் இலவசமாகவே செய்து தருகிறேன். கடைசி நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் வராதீர்கள், அன்றைக்குத்தான் இன்டர்நெட் லைனும் படுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாடாங் செராய், கெடா