மூன்றாம் வகுப்பு: திங்கள் முதல் மூச்சும் யோகாவும்

பெற்றோருக்கு வணக்கம். திங்கள்கிழமையிலிருந்து பிள்ளைகளுக்குக் காலையில் அஞ்சு நிமிஷம் மூச்சுப் பயிற்சி, கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் ஆசனம். ஆசனத்தைக் காலையிலேயே வைக்கலாமே என்று கேட்டீர்கள். பிள்ளைகள் ஸ்கூலில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். நிறைந்த வயிற்றோடு குனிந்து நிமிர்ந்தால் குமட்டும், அதனால்தான்.

போன வாரம் சும்மா சோதித்துப் பார்த்தேன். கண்ணை மூடி, மணியோசை முழுசாக அடங்கியதும் கை தூக்கச் சொன்னேன். நாற்பது வாண்டுகள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒருத்தன் மட்டும் கை தூக்கவில்லை. தூங்கிவிட்டான், எழுப்பவில்லை.

மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடணும், அவ்வளவுதான். வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், அதனால் படபடப்பும் குறையும். மூச்சை அடக்கச் சொல்ல மாட்டேன், தலைகீழாக நிற்பதும் கிடையாது. தாடாசனம் (நேராக நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக் காலில் நிற்பது), வஜ்ராசனம் (மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காருவது) மட்டும். ஒற்றைக் காலில் நிற்கையில் ஜன்னலில் தெரியும் திருப்பரங்குன்றம் மலையைப் பார்த்தபடி நின்றால் ஆட்டம் குறைகிறது.

மந்திரம், சாமி பாட்டு எதுவும் இல்லை. தனியாகக் கேட்டவருக்கும் இதைத்தான் சொன்னேன்.

யோகா மேட் வாங்க வேண்டாம், பழைய போர்வை போதும். பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைக்குள் லெகின்ஸ் போட்டு அனுப்புங்கள். வீசிங், வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் குழுவில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள்.