சொட்டுநீர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்

சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்த செய்தியும், வீட்டம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த செய்தியும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தன. இங்கே நாங்களும் நலம். மகன் ஈரோட்டுக்கே வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். மூட்டுவலி இருந்தாலும் நான் காலையில் வாய்க்கால் கரை வரை நடப்பதை விடவில்லை.

அறச்சலூர்ப் பக்கம் இருக்கும் உங்கள் நான்கு ஏக்கருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தென்னை வைத்துவிடலாமா, அரசு மானியம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மானியம் கிடைக்கும், குழாய் போடுவதும் நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்த மனம் ஒப்பவில்லை. இந்த மானியங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே பல ஆண்டுகள் கழிந்தன. நீர் மிச்சமாகும் ஒவ்வொரு இடத்திலும் அந்த மிச்சம் யாருக்குப் போகிறது, அதுவரை அதை அனுபவித்தவர் யார் என்ற கேள்வி அந்தக் காலம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. உங்கள் நிலத்தில் அந்தக் கேள்விக்கு உரிய ஆளாக உங்கள் குத்தகைக்காரர் இருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் பாத்தி கட்டிப் பாய்ச்சிய காலத்தில், மும்முனை மின்சாரம் எந்நேரத்தில் வருகிறதோ அந்நேரத்தில் மண்வெட்டியோடு போய் மடை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நள்ளிரவில் பாம்பு கடித்து இறந்தவர்களை நம் இருவருக்கும் தெரியும். இன்று வீட்டிலிருந்தபடி செல்போனில் மோட்டாரைப் போட்டு அணைக்க முடிகிறது, உரத்தையும் குழாய் வழியாகவே கொடுத்துவிட முடிகிறது. ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் தமிழக அரசு தருகிறது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில், குழாயில் நீர் சொட்டும் துளைகளான சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும், எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகளே.

சமாளிக்க முடியாதது காகிதம். மானியம் தண்ணீரைப் பார்த்து வருவதில்லை, பட்டாவைப் பார்த்து வருகிறது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருப்பதற்கான ஆதாரம், மின் இணைப்பு ஆகிய எல்லாம் ஒருவர் பெயரில் ஒழுங்காக இருந்தால் வேலை எளிதாக முடியும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காத கூட்டுப்பட்டாவில் இருப்பவரும், மாமனார் பெயரில் இருக்கும் பட்டாவை மாற்றாமலே கணவனை இழந்துவிட்ட பெண்ணும், கிணறே இல்லாத மேட்டாங்காட்டுக்காரரும் அலுவலக வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எல்லோரையும் விடப் பின்னால் நிற்பவர் குத்தகைக்காரர். அரசு ஓய்வூதியம் வாங்கும் நீங்களும் நானும் நான்கு ஏக்கர் பட்டா இருப்பதால் சிறு விவசாயிகள். உங்கள் நிலத்தை இத்தனை ஆண்டுகளாக உழுது, விதை கடனுக்கு வாங்கி, மஞ்சள் விலை விழுந்த ஆண்டின் நட்டத்தையும் தாமே ஏற்றுக்கொண்டவருக்கு அரசுப் பதிவேட்டில் விவசாயி என்ற பெயரே இல்லை. குத்தகையாளர் உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்று 1969லேயே சட்டம் வந்தது. ஆனால் நம் பக்கத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் உடைமையாளருக்கு, பதிவு கேட்டால் குத்தகையே போய்விடும் என்ற பயம் உழுகிறவருக்கு.

மஞ்சளும் காய்கறியும் வைக்கும் நிலத்துக்கு உடன் இருந்து பாடுபடும் குடும்பம் ஒன்று தேவை. சொட்டுநீர் போட்ட தென்னந்தோப்புக்கு மாதத்துக்கு ஒருமுறை காய் போட வருபவரும், அவ்வப்போது குழாயைப் பார்த்துப் போகும் ஒருவரும் போதும். குழாய் போட்ட மறு ஆண்டே குத்தகையை நிறுத்திக்கொண்ட தோட்டங்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கொடுமை செய்யவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை; ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அப்படி நின்றுபோன குடும்பங்களில் சில திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எங்கேயும் போக முடியாமல் கூலிக்கு இறங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு, எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்திராத ஒன்று. அது புல். பாத்தி கட்டிப் பாய்ச்சிய தோட்டத்தில் வாய்க்கால் ஓரமும் வரப்பும் ஆண்டு முழுவதும் பசேலென்று இருக்கும். களைவெட்ட வந்த பெண்கள் மாலையில் கூலியோடு ஒரு கட்டுப் புல்லையும் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். அதற்கு யாரும் விலை கேட்டதில்லை. அந்தப் புல்லை நம்பித்தான் காணி நிலம் இல்லாத வீட்டில் ஒரு கறவை மாடும் இரண்டு ஆடுகளும் நின்றன. பால் சொசைட்டியில் கிடைத்த பணம் வீட்டுச் செலவுக்கு ஆயிற்று, ஆடு விற்ற பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆயிற்று. சொட்டுநீர் வந்த தோட்டத்தில் செடியின் வேரடியில் மட்டுமே ஈரம் இருக்கிறது. வரப்பு காய்கிறது, மீதி இடத்தை நெகிழித் தாள் மூடுகிறது அல்லது களைக்கொல்லி தீய்க்கிறது. களைவெட்டும் குறைந்து புல்லும் இல்லாமற் போகவே, அந்தப் பெண்கள் கூலியையும் மாட்டையும் சேர்த்தே இழந்தார்கள். சோளத்தட்டை விலைக்கு வாங்கிப் போட்டு ஒற்றை மாட்டை வைத்துக் கட்டுப்படியாகாது என்று விற்றுவிட்டவர்களை எங்கள் தெருவுக்கு அடுத்த காலனியிலேயே காட்ட முடியும். நீர் விரயமாகிறது என்று நாங்கள் கணக்கெழுதிய ஈரத்தில் இவர்களுடைய பங்கு இருந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பங்கு என்பதால், போனபோதும் யாரும் கேட்கவில்லை.

இதே கதைதான் பெரிய அளவில் கீழ்பவானி வாய்க்காலில் நடக்கிறது. 1955இல் பவானிசாகர் அணை முடிந்த நாளிலிருந்து இந்த இருநூறு கிலோமீட்டர் மண் வாய்க்கால் இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறைவைத்து, ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர் வீதம் ஒரு முறை நஞ்சைக்கும் மறுமுறை புஞ்சைக்கும் விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், அதற்குக் கீழே பாசன உரிமையே இல்லாத கிணறுகளிலும் நீர் ஏறும். உங்கள் கிணறும் அப்படி ஊறுகிற கிணறுதான். கசிவு நீரை நம்பி ஓடைகளும் குளங்களும் குடிநீர்க் கிணறுகளும் இருக்கின்றன. இந்த வாய்க்காலைக் கான்கிரீட் போட்டுச் சீரமைக்க 709 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது மேல்மடையிலும் நடுமடையிலும் உள்ளவர்கள் கூடாது என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். விரைவில் செய்யுங்கள் என்று கடைமடைக்காரர்களும் போராடினார்கள். வழக்குகளும் நடந்தன. வாய்க்கால் கரையில் நடக்கும்போது இரு தரப்பாரையும் சந்திக்கிறேன். பேச்சு சூடாகிவிடுவதால் பல வீடுகளில் இப்போது இதைப் பற்றிப் பேசுவதையே தவிர்க்கிறார்கள்.

கடைமடைக்காரரின் கோரிக்கையை நான் லேசாக எண்ணவில்லை. கரூர் எல்லையில், உரிமை இருந்தும் தண்ணீர் வந்து சேராத வயலுக்கு வாய்தா (நிலவரி) கட்டிக்கொண்டிருப்பவரின் வறுமையும் வறுமைதான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்தும் வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்தார் தங்கள் பங்கு வழியிலேயே திருடப்படுகிறது என்று ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். ஆகவே உடைந்த மதகையும் கரையையும் சரிசெய்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் வருத்தம், கசிவு முழுவதையும் இழப்பு என்ற ஒரே பத்தியில் எழுதிவிடுவதைப் பற்றியது. வாய்க்காலோரம் சில சென்ட் நிலம் வாங்கிக் கிணறு வெட்டி, கிலோமீட்டர் கணக்கில் குழாய் பதித்து மேட்டு நிலத்துக்கு நீர் கொண்டுபோகும் வசதிக்காரரும் கசிவைத்தான் எடுக்கிறார். இரண்டு ஏக்கர் புஞ்சைக்காரரும், குடத்தோடு ஊர்க் கிணற்றுக்கு வருகிற பெண்ணும் அதையேதான் எடுக்கிறார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்த பிறகு எந்த இடத்தில் கான்கிரீட், எந்த இடத்தில் மண் என்று முடிவெடுத்திருந்தால் இவ்வளவு பகை வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் பாசன சபையில் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆயக்கட்டில், அதாவது வாய்க்காலின் பாசனப் பரப்பில், நிலம் உடையவர்களே. குத்தகைக்காரருக்கோ புல் அறுக்கும் பெண்ணுக்கோ அங்கே நாற்காலி இல்லை.

பழையதெல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தை நம் தகப்பன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விடியும் முன்பே மாட்டோடு மாடாக ஆளும் இறைக்க வேண்டும். நீர் இறைக்கும் சாலையும் அதன் தோல் குழாயான தும்பியையும் தைத்துக் கொடுத்த அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தன, சிறுவர்களும் பண்ணையத்துக்கு விடப்பட்டார்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, பின்பு மோட்டார்கள் பெருகப் பெருக, தோல் வேலை போயிற்று. ஆனால் அந்தக் கட்டும் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பண்ணையத்துக்குத் திரும்பிவர விரும்பவில்லை என்றால் அது நியாயமே. மோட்டார் வந்ததால் மின்கட்டணம் விவசாயியின் உயிர்ப் பிரச்சினையாகி, 1970இல் பெருமாநல்லூரில் போராடிய விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இலவச மின்சாரமும் பம்பு இணைப்பு உள்ளவருக்குத்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிலத்தடி நீர் இறங்க இறங்க, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியை வரவழைத்து ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்துப் பார்க்க முடிந்தவர் தப்பினார். கடன் வாங்கித் துளைத்து, தண்ணீர் வராமல் மண்புகை மட்டும் கண்டவர் நிலத்தை விற்றார். சொட்டுநீரால் மிச்சமான தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டவர்கள் குறைவு. மூன்று ஏக்கர் பாய்ந்த இடத்தில் ஐந்து ஏக்கராக நீட்டிக்கொண்டவர்களே அதிகம். ஆகவே பக்கத்துக் காட்டுக்காரரின் ஆழமற்ற கிணற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கேட்டு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவிட்டது. பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி.யைக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது ஏற்பாடு. குளம் பொதுவானது என்பதால், கரையில் ஆடுமாடு வைத்திருப்பவருக்கும் குடிநீருக்கும் இதில் பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுவே.

இனி உங்கள் நிலத்துக்கு வருகிறேன். சொட்டுநீர் போடுங்கள், ஆனால் தென்னை வேண்டாம். மஞ்சளும் வாழையும் காய்கறியுமாகவே தொடரட்டும். அதற்கு முன் உங்கள் குத்தகைக்காரரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்து பதிவு செய்துவிடுங்கள்; குறைந்தது மானியக் குழாயின் ஆயுளான ஏழு ஆண்டுக்காவது அவரை நிலத்தை விட்டு எழுப்பமாட்டோம் என்ற உறுதி அதில் இருக்கவேண்டும். குழாய் வந்ததைக் காட்டிக் குத்தகைத் தொகையை ஏற்றிவிடாதீர்கள். தண்ணீர் கட்டும் உழைப்பில் அவருக்கு மிச்சமாவது அவரிடமே இருக்கட்டும். கிணற்றுக்கு மேற்கே உள்ள ஐம்பது சென்ட்டில் கோ 4 தீவனப் புல் போட்டால், களைவெட்ட வரும் பெண்கள் கூலியோடு ஒரு கட்டு அறுத்துக்கொள்ளலாம். இதனால் உங்களுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். உங்கள் நிலையில் அது தாங்கக்கூடியது என்று அறிந்தே கேட்கிறேன்.

போன வாரம் சந்தையில் உங்கள் குத்தகைக்காரரைப் பார்த்தேன். நீங்கள் குழாய் போட யோசிப்பது அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. அடுத்த போகத்துக்கு விதைமஞ்சள் வாங்கலாமா, வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பொங்கலுக்கு நீங்கள் வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்கே ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்துச் சொல்லிவிடுங்கள். வரும்போது மூலப்பத்திரத்தின் நகலையும் பட்டாவையும் எடுத்து வாருங்கள். பதிவு அலுவலக வேலையை நானே உடன் வந்து முடித்துத் தருகிறேன்.

வீட்டம்மாவுக்கும் பேத்திக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்பு நண்பன்