டேபிள் சா வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ சின்னதாகப் பட்டறை போட்டு, அலமாரியும் கட்டிலும் சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கும் பலர் நம் கடைக்கு வருகிறீர்கள். டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு நீட்டி நிற்கும் மரம் அறுக்கும் மிஷின்) கேட்டு வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் ரைவிங் நைஃப் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடுக்குப் பின்னால் அதை ஒட்டி நிற்கும் வளைந்த இரும்புத் தகடு அது. மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளே இருக்கும் இறுக்கம் விட்டு, அறுபட்ட இரண்டு பாதியும் சில சமயம் ஒன்றையொன்று நெருக்கும். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருபவை. கட்டை அவற்றில் மாட்டினால் அப்படியே தூக்கி, நிற்பவர் மேலேயே எறிந்துவிடும். வெட்டு மூடாமல் அந்தத் தகடு நடுவில் நிற்கும். பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் வகையே நல்லது. அது இல்லாத மிஷினை, விலை எவ்வளவு குறைவானாலும், வீட்டுக்கு வாங்காதீர்கள். மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி, பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி ஓட்டுகிறார்களே, அதற்கு இந்தத் தகடும் கிடையாது, மேல்மூடியும் கிடையாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கைடு, அதாவது கட்டையை ஒட்டித் தள்ள பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கும் நேர்ச்சட்டம். இழுத்துப் பூட்டினால் பிளேடுக்கு நேர் இணையாக நிற்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் பேனாவால் குறி வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் நிறுத்தி, அதிலிருந்து கைடு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளங்கள். பின்பக்க அளவு குறைந்தால் கட்டை அங்கே போய் நெருங்கும். திருகைத் தளர்த்திச் சரிசெய்ய முடிகிறதா, கைடைக் கழற்றி மாட்டிய பிறகும் அந்த அளவு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத மிஷினில் 2000 வாட்ஸ் இருந்தும் பயனில்லை.

இடத்தையும் யோசியுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட்டை நீளவாக்கில் விட பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி காலியாக வேண்டும். 18 மி.மீ. ஷீட்டைத் தனியாளாகத் தாங்கித் தள்ளுவதும் ஆபத்து. பிளைவுட் கடையிலேயே பெரிய துண்டுகளாக அறுத்து வாங்கி, கடைசி அளவை மட்டும் வீட்டில் எடுங்கள். ஷீட் வேலை மட்டும்தான் என்றால் டேபிள் சாவே வேண்டாம், ஷீட் மேல் வைத்த நேர்ப்பட்டையில் ஓட்டும் டிராக் சா போதும். அதை நாங்களே சொல்லி அனுப்புவோம்.

பிளேடு 10 இன்ச் போதும். நேராக நிறுத்தினால் சுமார் மூன்று இன்ச் கனம் அறுக்கும். நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல். மாற்று பிளேடு வாங்கும்போது நடுத்துளை 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்று பாருங்கள், மிஷினுக்கு மிஷின் மாறும். இடித்த வீட்டு மரம் என்றால் அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள். ஒரே ஆணி கார்பைடு பல்லைப் பெயர்த்துவிடும்.

மோட்டார் 1500 வாட்ஸுக்கு மேல் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். 6 ஆம்பியர் பிளக்கில் போடாதீர்கள். கீசருக்குப் போடுவது போல 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும்.

ஓட்டும்போது கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம், பிளேடு இழுத்துக்கொள்ளும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கடைசி அரை அடியைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

வாங்கும் முன் உங்கள் மரத்தில் ஒரு துண்டு எடுத்து வாருங்கள். கடையில் வைத்திருக்கும் மிஷினில் அறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைவு, நிதானமாகக் காட்ட முடியும்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்